கை காய்த்த கதை

அவிநாசியிலிருந்து திருப்பூருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிற ஒருவரின் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். நடுவிரலும் மோதிரவிரலும் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மஞ்சள் பாய்ந்த மேடு ஒன்றோ இரண்டோ இருக்கும். தொட்டால் சொரசொரக்கும், அழுத்தினால் வலிக்காது. இதற்கு என்ன பெயர் என்று கொங்கில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பேக்கரியில் டீ டம்ளரை நீட்டும்போதே எதிரில் நிற்பவர் சொல்லிவிடுவார்.

“ஏனுங்ண்ணா, கையென்ன இப்படிக் காப்புக் காச்சுக் கெடக்குதுங்க?”

“நித்தம் வண்டி முறுக்கறனுங்க. காய்க்காம என்ன பண்ணும்?”

கேள்வியில் இரண்டு சொல், பதிலில் ஒரு சொல். கேட்டவர் ‘காப்பு’, ‘காச்சு’ என்கிறார். பதில் சொன்னவர் ‘காய்க்காம’ என்று ஒரே வினையில் முடித்துக்கொள்கிறார். இந்தச் சின்ன வேறுபாட்டுக்குள்தான் இந்தச் சொல்லின் வரலாறு முழுவதும் இருக்கிறது.

அச்சில் இது படும் பாடு தனி. உழைப்பாளியைப் பற்றி எழுத உட்காரும் எவரும் இந்தத் தொடரை விடுவதில்லை. ‘காப்புக் காய்த்த கைகள்’ என்று சிலர் எழுதுகிறார்கள், ‘காப்புக் காய்ச்சிய கைகள்’ என்று பலர் எழுதுகிறார்கள், இன்னும் சிலர் ‘காய்ப்பேறிய’ என்கிறார்கள். ‘காய்ச்சிய’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அடுப்பும் பாலும்தான் நினைவுக்கு வருகின்றன. கையை யார் காய்ச்சினார்கள்?

காப்பு என்ற சொல்லைக் கொங்குக்காரர் காதில் போட்டால் அது வெறும் சொல்லாக நிற்காது. பொங்கலுக்கு முதல் நாள் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கூரை முகப்பிலும் தோட்டத்திலும் செருகுவது காப்புக்கட்டு. மாரியம்மன் நோம்பி சாட்டினால் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கட்டுவதும் காப்புத்தான். குழந்தைக்குப் போடும் வெள்ளி வளையமும் காப்பு. கா என்றால் காத்தல், காப்பது காப்பு. இந்தப் பின்னணியில் வளர்ந்தவருக்கு உள்ளங்கைத் தடிப்பையும் காப்பு என்று கேட்டவுடன் விளக்கம் தானே வந்துவிடும்: தோல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு காப்புக் கட்டிக்கொள்கிறது. அழகான விளக்கம். தோல் மருத்துவரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார். உராய்வும் அழுத்தமும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படும்போது தோலின் மேலடுக்கு வேகமாக வளர்ந்து, கெரட்டின் என்ற புரதத்தை அடுக்கடுக்காகச் சேர்த்து, அடியிலுள்ள மென்மையான சதையைக் காக்கிறது.

ஆனால் சொல் அப்படிப் பிறக்கவில்லை. கூடவே வரும் வினையைப் பார்த்தால் தெரிந்துவிடும். காப்பைக் கட்டுவோம், போடுவோம், அவிழ்ப்போம். காப்பு எங்கேயும் காய்ப்பதில்லை. இங்கே மட்டும் ஏன் காய்க்கிறது?

காரணம் பேச்சொலியில் இருக்கிறது. நெடிலுக்குப் பின் வரும் யகர மெய், அடுத்து வல்லினம் இரட்டித்து நின்றால் பேச்சில் கரைந்துபோகும். காய்ச்சல் காச்சலாகும், பாய்ச்சல் பாச்சலாகும். காய்ப்பும் அதே வழியில் காப்பாயிற்று. இன்னொரு பக்கம் ‘காய்த்து’ என்ற எச்சத்தின் தகர இரட்டை, அடித்து அடிச்சு ஆவதுபோல் சகரமாகி, காய்ச்சு என்றாகி, யகரமும் போய்க் காச்சு என்று நிற்கிறது. ஆக, ‘காப்புக் காச்சுப்போச்சு’ என்பதை எழுத்துத் தமிழுக்குத் திருப்பினால் ‘காய்ப்புக் காய்த்துப் போயிற்று’ என்றுதான் வரும். பாட்டுப் பாடினான், ஆட்டம் ஆடினான் என்பதுபோல் வினையே தன் பெயரைச் செயப்படுபொருளாக ஏந்தி நிற்கும் தொடர் இது. காதால் கேட்டதை எழுத உட்கார்ந்தவர்கள் முதல் சொல்லை வளையலாக்கினார்கள், இரண்டாவதை அடுப்பில் ஏற்றினார்கள்.

சரி, காய்ப்புக்கு எந்தக் காய் அடிப்படை? தமிழில் காய் என்ற வினை இரண்டு. காய்ந்தது என்று இறந்தகாலம் எடுப்பது ஒன்று. வெயில் காய்தல், துணி காய்தல், புண் காய்தல் எல்லாம் அதன் வேலை. காய்த்தது என்று எடுப்பது மற்றொன்று. மரம் காய்ப்பது அது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் இரண்டையும் தனித்தனியாகவே வைக்கிறது. தடித்த தோல் வறண்டு இருக்கிறது, ஆகவே உலர்தல் பொருளிலிருந்து வந்திருக்கும் என்று தோன்றலாம். ஆனால் கை காய்ந்துபோச்சு என்றால் எண்ணெய் தடவு என்பார்கள். கை காய்த்துப்போச்சு என்றால்தான் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பார்கள். பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. மரம் காய்க்கிற அதே வினையில்தான் கையும் காய்க்கிறது.

இதற்கு வெளிச்சாட்சியும் உண்டு. கொங்கில் தெலுங்கை வீட்டுமொழியாகப் பேசுவோர் ஏராளம். அவர்களிடம் கேட்டால் ‘சேதுலு காயலு காச்சாயி’ என்பார்கள். கைகள் காய்கள் காய்த்தன என்பது நேர்ப்பொருள். தெலுங்கில் மரத்துக் காயும் காயதான், உள்ளங்கைத் தடிப்பும் காயதான். இதில் ஐயத்துக்கே இடமில்லை. அவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், ஒருவருக்காக வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பதைக் கண்கள் காய்கள் காய்க்கும்படி காத்திருந்ததாகச் சொல்வார்கள். நமக்குக் கண் பூத்துப்போகும். அவர்களுக்குக் காய்த்தே விடுகிறது.

இப்படி ஒரு முறை மரத்தின் பக்கம் திரும்பிவிட்டால், உடம்பைப் பற்றிய நம் சொற்களில் பாதி தோட்டத்திலிருந்து வந்தவை என்பது தெரியும். குழந்தையின் கை பிஞ்சுக் கை. பிஞ்சுக்கு அடுத்த நிலை காய் என்பதைச் சொல்ல வேண்டுமா? வேலை செய்யத் தொடங்காத கை பிஞ்சு, வேலை செய்த கை காய். கட்டி பழுக்கிறது, பழுத்து உடைகிறது. மேலே போர்த்தியிருப்பது பழத்துக்கும் தோல், நமக்கும் தோல். பக்கத்து மலையாளத்தில் குரு என்றால் விதை, முகத்தில் வருவதும் குரு. நாம் வேர்க்குருவில் அதை வைத்திருக்கிறோம். நெடுநேரம் வண்டி ஓட்டி இறங்கும்போது விரல்களில் உணர்ச்சியில்லாமல் போகிறதே, அதை மரத்துப்போச்சு என்கிறோம். மரம்போல் ஆவது மரத்தல். வண்டிக்காரரின் கைக்கு இரண்டே குறைகள், காய்ப்பதும் மரப்பதும். இரண்டுக்கும் பெயர் மரத்திலிருந்து வந்திருக்கிறது. காய்த்த மரம் கல்லடி படும் என்று பழமொழி. கைக்கு மட்டும் வரிசை மாறிவிட்டது: முதலில் அடி, பிறகு காய்.

காழ் என்ற சொல்லையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. மரத்தின் உள்வைரம், விதை, வன்மை எல்லாம் காழ். காழ்த்தல் என்றால் முற்றி வைரம் பாய்தல். முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்ட வேண்டும், காழ்த்துவிட்டால் வெட்டுகிறவர் கையை அது பதம்பார்க்கும் என்கிறது 879ஆம் குறள். கையும் காழ்ப்பும் ஒரே இடத்தில் வருவதால் காழ்ப்புதான் காய்ப்பாகி, பிறகு காப்பாகியிருக்கும் என்று வாதிடலாம். ழகரம் யகரமாவது பேச்சுக்குப் புதிதல்ல. எனக்கு இந்த வாதம் பிடிக்கும், ஆனால் ஏற்க மாட்டேன். கை காழ்த்துப்போச்சு என்று எந்த வட்டாரத்திலும் நான் கேட்டதில்லை. தெலுங்குச் சாட்சி நேராகக் காயைத்தான் காட்டுகிறது. காழ்ப்பு வேறு வழியில் போய், இன்று மனத்தில் மட்டுமே வைரம் பாய்கிற சொல்லாகச் சுருங்கிவிட்டது.

பழைய இலக்கியத்தில் இந்தக் கைக்கு ஒரு நல்ல பாட்டு வாய்த்திருக்கிறது. புறநானூற்றின் 14ஆம் பாட்டு, கபிலர் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடியது. அரசன் புலவரின் கையைப் பற்றி, மென்மையாக இருக்கிறதே என்று வியந்தான் என்பது சூழல். கபிலரின் பதில் குறும்பானது. உன் கை அங்குசம் பிடித்து யானையைச் செலுத்துகிறது, ஆழ்ந்த அகழியைத் தாவப் பார்க்கும் குதிரையை இழுத்துப் பிடிக்கிறது, நாண் உராய்ந்து வடுப்பட வில்லை வளைக்கிறது, வருபவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறது, அதனால் வலிதாயிற்று. எங்கள் கைக்குக் கறியும் சோறும் உண்பதைத் தவிர வேறு வேலை தெரியாது, அதனால் மெல்லிதாயிற்று. குதிரையை இழுத்துப் பிடித்த கை என்று வருகிறதல்லவா, ஓட்டுகிறவரின் கை காய்ப்பதைப் பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய சாட்சி இதுதான் என்பேன். இந்தச் சேரமான், கரூர் பக்கத்துப் புகளூர்க் கல்வெட்டில் வரும் கோ ஆதன் செல்லிரும்பொறையே என்று கொள்வோரும் உண்டு. அப்படியானால் அது கொங்கு மண்ணில் காய்த்த கை.

ஆனால் கபிலர் காய்ப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. வடு என்கிறார், வலிய என்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து சுமந்து கெட்டிப்பட்ட கழுதை முதுகுக்கும் வடுவே பெயர். அன்றைக்குக் காயமும் காய்ப்பும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன. தழும்பும் அப்படித்தான். இன்று தழும்பு என்றால் ஆறிய புண்ணின் அடையாளம் மட்டுமே நமக்கு. ஆனால் இறைவன் பெயரை நாத்தழும்பேறச் சொல்வது என்கிறோமே, நாக்கில் ஏது புண்? சொல்லிச் சொல்லி உராய்ந்து தடித்தது என்பதுதான் பொருள். தன்னைக் கொங்கர்கோன் என்று பாட்டில் சொல்லிக்கொண்ட குலசேகர ஆழ்வாரும் நாத்தழும்பைப் பாடியிருக்கிறார்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. மலையாளத்தில் தழம்பு என்றால் காய்ப்புத்தான். அங்கே ஒரு பழமொழி: அப்பன் யானைமேல் ஏறினான் என்பதற்காக மகன் பிட்டத்தில் தழம்பு இருக்குமா? குடும்பப் பெருமை பேசுகிறவர்களை அமர்த்த இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை. சவாரி செய்கிறவரின் காய்ப்பைப் பற்றிய பழமொழி என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் காயத்துக்குத் தழும்பையும் வடுவையும் ஒதுக்கிவிட்டு, வேலையால் வருவதற்குத் தனியாகக் காய்ப்பை வைத்துக்கொண்டது. காலில் வருவதற்கு ஆணி என்று இன்னொரு பெயர். நடுவில் கூர்மையாக உள்ளே இறங்கி ஆணிபோல் குத்துவதால். காய்ப்பு அகலமாகப் படரும், வலிக்காது. ஆணி சிறிதாக இருக்கும், உயிர் போகும். மருத்துவமும் இவற்றை இப்படித்தான் பிரிக்கிறது.

அவிநாசியில் கை காய்க்க வழியா இல்லை? பழைய திருப்புக்கொளியூர் இது. சித்திரைத் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. வடம் பிடித்தால் அன்றைக்கே கொப்புளம் வரும், காய்ப்பு வராது. காய்ப்புக்கு ஒரு நாள் போதாது. கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் வடக்கயிறும், மம்பட்டிப் பிடியும் விரலடிகளைக் காய்க்க வைத்தன. மாட்டின் கழுத்தில் நுகத்தடி காய்க்க வைத்தது. தறி வந்தது, கை காய்த்தது. பனியன் கம்பெனி வந்தபின் கட்டிங் மாஸ்டரின் கட்டைவிரல் அடியில் கத்தரிக்கோல் காய்த்தது. உள்ளங்கையில் காய்ப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து ஆள் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. இப்போது எல்லாக் கைகளிலும் ஒரே இடத்தில் காய்க்கிறது, ஏனென்றால் எல்லோரும் வண்டி ஓட்டுகிறார்கள்.

அந்த வண்டி இந்தப் பக்கம் வந்த கதையில் ஒரு பெரிய பெயர் உண்டு. கோவைக்குக் கிழக்கே கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஊர்ப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து பணம் சேர்த்து, கடைசியில் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது ஓட்டுவதை அல்ல, கழற்றி மாட்டுவதை. அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் முறுக்குகிற கைப்பிடி கிடையாது, சின்ன லிவரைத் தள்ளித்தான் வேகம் கூட்ட வேண்டும். ஆகவே அவர் கை காய்த்திருந்தால் ஆக்சிலேட்டரால் அல்ல, ஸ்பானரால்தான் காய்த்திருக்கும். கோவையின் அவிநாசி சாலைமேல் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டி 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயர். தினமும் அதில் முறுக்கிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு ரட்ஜ் கதை தெரியுமோ.

பிறகு 1955இலிருந்து சென்னையில் உருவான புல்லட் வந்தது, 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. முன்னதில் எஞ்சின் அதிர்வு கைப்பிடி வழியாக முழங்கைவரை ஏறும். பின்னதை இங்கே யாரும் தனி ஆளாக ஓட்டிப் பார்த்ததில்லை. முன்னால் ஒரு துணிக் கட்டு, பின்னால் இரண்டு என்று ஏற்றி, பாரத்தைக் கையாலேயே தாங்கி ஓட்டுவார்கள். வலக்கையில் முறுக்குவதால் விரலடிகள் காய்க்கும், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வளைவும் காய்க்கும். கிளட்ச் உள்ள வண்டியானால், இடக்கையால் அதைப் பிடிப்பதால் விரல்களின் நடுக்கணுவில் காய்க்கும். நெடுஞ்சாலையில் வலக்கைக் காய்ப்பு வளரும், திருப்பூர் நெரிசலில் இடக்கைக் காய்ப்பு வளரும்.

இதற்கு வைத்தியம் வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். காய்ப்பு நோயல்ல. அது வெடிக்கும்போதுதான் தொல்லை. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. வியர்க்கும், ஆனால் எண்ணெய்ப் பசை தானாக வராது. தடித்த தோல் வறண்டால் பிளக்கிறது, பிளவில் அழுக்கும் கிரீஸும் இறங்கினால் பழுக்கிறது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெயோ யூரியா கலந்த களிம்போ இரவில் தடவினால் போதும். முழுக்கத் தேய்த்து எடுத்துவிடக் கூடாது; எடுத்தால் மறுநாள் அந்த இடத்தில் கொப்புளம் வரும், திரும்பவும் முதலிலிருந்து காய்க்க வேண்டும். பிளேடு வைத்துச் சீவுகிற பழக்கம் நம் ஊரில் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது. உணர்ச்சி குறைந்த கையில் சின்ன வெட்டும் பெரிய புண்ணாகும்.

அதைவிட முக்கியம், வண்டியைப் பார்ப்பது. கிளட்ச் ஒயர் காய்ந்து இறுகியிருந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு பலம் போட வேண்டியிருக்கும். மெக்கானிக்கிடம் எண்ணெய் விடச் சொன்னால் கை பிழைக்கும். தேய்ந்து வழுக்கையான கைப்பிடி உறையை மாற்றலாம். அழுத்திப் பிடிக்காமல் ஓட்டப் பழகலாம். பாதி காய்ப்பு பயத்தால் வருவது, புதிதாக ஓட்டுகிறவர் கைப்பிடியை நெரிப்பதைப் பார்த்தாலே தெரியும். அளவான கையுறை போட்டால் உராய்வு குறையும், தொளதொளவென்று இருந்தால் கூடும்.

காய்ப்பதை விட்டுவிடலாம், மரப்பதை விடக் கூடாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடிக்கடி மரத்தால் உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். வண்டியை விட்டு இறங்கி வெகுநேரமாகியும் உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

மீண்டும் சொல்லுக்கு வருகிறேன். பேச்சில் காப்பு என்று சொல்வதில் தவறே இல்லை. அது ஒலிவிதிப்படி சரியாக வந்த வடிவம். அச்சில் காய்ப்பு, காய்த்த கை என்றே எழுதலாம். ‘காப்புக் காய்ச்சிய’ என்பது பிழை, அதைப் பத்திரிகைகள் கைவிட வேண்டும். புதிய அகராதி தொகுப்பவர்கள் காப்பு என்ற பதிவின்கீழ், வளையலுக்கும் காவலுக்கும் கீழே தனி எண் கொடுத்து, ‘பேச்சு வழக்கு, காய்ப்பு காண்க’ என்று ஒரு வரி சேர்க்கட்டும். உங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் இருந்தால் அதையும் அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள்.